பாண்டில எங்க தாத்தா வீடு 300 வருஷம்னு சொல்றாங்க, உண்மையான வயசு கண்டுபிடிக்க வழி இருக்கா?

#1 முற்றத்துமழை

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், முதல் தடவையா எழுதறேன். பாண்டிச்சேரில வாய்க்காலுக்கு மேற்க, பெரிய மார்க்கெட்ல இருந்து நடந்தா அஞ்சு நிமிஷம், அங்க எங்க அம்மா பொறந்த வீடு இருக்கு (தெரு பேரு வேணாம், சொந்தக்காரங்க இங்க இருந்தாலும் இருப்பாங்க). வாசல்ல தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம், அதச் சுத்தி மரத்தூண் வெச்ச கூடம். மாடில மட்டும் வேற மாதிரி, வளைவு ஜன்னல், வெள்ளைத் தூணு, பாக்க வெள்ளைக்காரத் தெரு வீடு மாதிரி. கீழ ஒரு ஊரு மேல ஒரு ஊருன்னு எங்க அம்மா சொல்லுவாங்க.

பெரிய மாமா சின்ன வயசுல இருந்து எங்களுக்கு சொல்றது என்னன்னா வீடு 300 வருஷம், ஆனந்தரங்கப் பிள்ளை (பிரெஞ்சு காலத்துல நாட்குறிப்பு எழுதினாரே, அவர்தான்) கவர்னர் மாளிகைக்கு போற வழியில எங்க திண்ணையில உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போவாராம். இப்போ பாகம் பிரிக்கற பேச்சு வந்துடுச்சு. சின்ன மாமா இடிச்சிட்டு அபார்ட்மென்ட் கட்ட ஒரு பில்டர்கிட்ட பேசிட்டு இருக்கார். அம்மாவுக்கு மனசு இல்ல, ஆனா "ரொம்ப பழசு"ன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, என்ன ஆதாரம்னு கேக்கறாங்க. நிஜ வயசு எப்படி தெரிஞ்சிக்கறது?

#2 கணக்குதப்பாது

300 வருஷம்னா 1720கள். கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 1761 ஜனவரி 16 அன்னிக்கு பாண்டியை காத்த பிரெஞ்சு தளபதி லாலி, இங்கிலீஷ் தளபதி கூட்கிட்ட சரணடையறான். அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரன் கோட்டையையும் ஊரையும் திட்டம் போட்டு இடிச்சித் தள்ளினான். 1758ல கடலூர் டேவிட் கோட்டையை பிரெஞ்சுக்காரன் இடிச்சான் இல்ல, அதுக்கு வட்டியோட திருப்பிக் குடுத்தது. 1765ல ஊர் திரும்ப பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்தப்போ கவர்னர் லா த லொரிஸ்தோன் அதே தெருக்கோட்டு மேலயே மறுபடி கட்ட வேண்டியதா இருந்துச்சு. ஸோ பாண்டில "300 வருஷ வீடு"ன்னு எவன் சொன்னாலும் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

ரங்கப்பிள்ளையும் அதே 1761 ஜனவரில, ஊர் விழறதுக்கு சில நாள் முன்னாடிதான் கண்ணை மூடினார். உங்க திண்ணை அவர் உக்கார்ற காலத்துல இருந்துச்சுன்னா முற்றுகையும் இடிப்பும் தாண்டி நின்னிருக்கணும். முடியாதுன்னு சொல்லல. ஆனா மாமா சொன்னார்ங்கறது மட்டும் பத்தாது.

#3 பெரியகடை_பெரியவர்

கணக்கு தம்பி சொல்றது பாதி சரி. வெள்ளைக்காரன் பக்கம் தரைமட்டமாச்சு, சரி. வாய்க்காலுக்கு மேற்க இருக்கற தமிழ் பக்கம் எல்லாமே போச்சுன்னு ஒரே வீச்சுல சொல்லக்கூடாது, அதுக்கு சாட்சியே ரங்கப்பிள்ளை வீடுதான், மார்க்கெட் ஒட்டி அவர் பேர் வெச்ச தெருவுலயே நிக்குது. 1738ல கட்டினதுன்னு சொல்றது வழக்கம். நான் ஒரு தடவை உள்ள போயிருக்கேன், வெளிய மீன்கார அம்மா சத்தம், ஆட்டோ சத்தம், உள்ள கால் வெச்சா கீழ்த்தளம் அப்படியே நம்மூர் வீடு, செதுக்குன மரத்தூண், முற்றம். மேல ஏறுனா வெள்ளை வெளேர்னு உருண்டைத் தூணு, பிரெஞ்சுக்காரன் பாணி. அந்தம்மா சொன்ன "கீழ ஒரு ஊரு மேல ஒரு ஊரு" அந்த வீட்டுக்கு அச்சா பொருந்தும்.

இன்னொண்ணு தம்பி, பிள்ளைவாள் சாதாரண ஆளா? 1709ல மெட்ராஸ் பெரம்பூர்ல பொறந்து, மாமா நயினியப் பிள்ளையை நம்பி இங்க வந்த குடும்பம். அந்த நயினியப் பிள்ளையை பிரெஞ்சுக்காரனே ஜெயில்ல போட்டு ஜெயில்லயே செத்தார். அப்படிப்பட்ட ஊர்ல இவரு கவர்னர் துய்ப்ளேக்கு பெரிய துபாஷி (மொழிபெயர்ப்பாளர், வியாபாரத் தரகர்) ஆகி, மேளதாளத்தோட பல்லக்குல கவர்னர் மாளிகைக்குள்ளயே போற அளவுக்கு மரியாதை வாங்கினார். சொந்தமா ஆனந்தப்புரவின்னு ஒரு கப்பலே ஓட்டினவரு. பல்லக்குல போறவரு உங்க திண்ணையில எறங்கி தண்ணி கேட்டாராமா? ஹஹ. மாமாவை கோச்சிக்காதீங்க தம்பி, பாண்டில பாதி வீட்ல இதே கதைதான், மிச்சப் பாதி வீட்ல பாரதியார் வந்து காபி குடிச்சிருப்பாரு.

#4 முற்றத்துமழை

ஐயா நான் தம்பி இல்ல, பொண்ணு :)

பாரதியார் கதையும் எங்க வீட்ல இருக்கு, அதை எழுதாம விட்டதுக்கு இப்போ சந்தோஷப்படறேன்.

#5 பெரியகடை_பெரியவர்

மன்னிச்சிக்கம்மா. கண்ணாடி போட்டும் பேர் பாத்து தெரியல.

#6 சுண்ணாம்புக்கை

நான் பழைய வீடு ரிப்பேர் வேலை எடுத்து செய்யறவன், அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார். வரலாறு எனக்கு அவ்ளோ தெரியாது ஆனா சுவரு பேசும். மேடம் நீங்க முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும், வீட்டுக்கு ஒரே வயசு கிடையாது. பின்கட்டுக்கு ஒரு வயசு, முன்கட்டுக்கு ஒரு வயசு, மாடிக்கு ஒரு வயசு, கக்கூசுக்கு ஒரு வயசு. 300ஆ 200ஆன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துட்டு போங்க.

முதல்ல சுவர் கனம் ரூம் ரூமா அளங்க, ஒரே கனமா இல்ல மாறுதான்னு. எங்கயாவது பூச்சு உதிர்ந்த இடத்துல செங்கல் பாருங்க, பழைய செங்கல் மெலிசா, இப்ப இருக்கற சேம்பர் செங்கல்ல பாதி கனம் கூட இருக்காது. சாந்து விரல்ல தேச்சா வெள்ளையா மாவு மாதிரி வந்தா சுண்ணாம்பு, சாம்பல் கலரா கல்லு மாதிரி இருந்தா சிமெண்ட், யாரோ பின்னாடி கை வெச்சிருக்காங்க.

அப்புறம் மட்டப்பா, அதாவது ஓடு இல்லாத தட்டைக் கூரை. மாடி தரைக்கு கீழ நின்னு அண்ணாந்து பாருங்க. மர உத்தரம் வரிசையா போயி அதுக்கு மேல சின்ன சின்ன செங்கல் கோணவாட்டுல நெருக்கி நட்டு வெச்சிருந்தா மெட்ராஸ் டெரஸ். அது கட்டற வேலையே தனி. அந்த செங்கல் ஒரு இஞ்ச் கனம்தான் இருக்கும், ஆறு இஞ்ச் நீளம், சாய்ச்சு சுண்ணாம்புல நட்டு, மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால அடிப்பாங்க நாள் கணக்கா, கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணி தெளிச்சி தெளிச்சி, கட்டை எகிறி வர்ற வரைக்கும். அதுக்கு மேல தட்டோடு. எங்க பாட்டி அந்த வேலைக்கு போனவங்க, அடிக்கும்போது பாட்டு கூட பாடுவாங்களாம். மர உத்தரத்துக்கு பதிலா இரும்பு கர்டர் இருந்தா அது கிட்டத்தட்ட 19ம் நூற்றாண்டு கடைசிக்கு அப்புறம்னு வெச்சிக்கலாம், கர்டர் மேல கம்பெனி பேர் அச்சு இருக்கும், டார்ச் அடிச்சு பாருங்க.

ஓடு. நாட்டு ஓடா சீமை ஓடா? சீமை ஓடுன்னா மங்களூர் ஓடு. அது 1865ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஆரம்பிச்ச தொழில், அதுக்கு முன்னாடி போட்டிருக்கவே முடியாது. ஆனா உஷாரு, ஓடு மாத்திக்கலாம், பழைய கூரைக்கு புது ஓடு போட்டிருப்பாங்க. அதனால ஓடு கூரையோட வயசைத்தான் சொல்லும், சுவரோட வயச இல்ல.

#7 கணக்குதப்பாது

இது நல்ல பதில். நான் சொன்னதைவிட நல்லா இருக்குன்னு ஒத்துக்கறேன்.

#8 ஓசூர்_ஓரமா

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, இவ்ளோ ஆராய்ச்சி பண்ணி என்ன ஆகப்போகுது? பாகம் பிரிச்சா மூணு பேருக்கும் காசு. பழைய வீடு மெயின்டெய்ன் பண்ண யார் காசு போடறது, ஹெரிடேஜ்னு சொல்றவங்க யாரும் கரையான் மருந்துக்கு பணம் தரமாட்டாங்க. எங்க வீட்ல இதே கதை, நாலு வருஷம் வித்தா விக்கலாம்னு இழுத்து கடைசில கூரை உள்ள விழுந்துச்சு.

#9 பெரியகடை_பெரியவர்

தம்பி சொல்றதுல வயித்தெரிச்சல் நியாயம் இருக்கு. 2014 நவம்பர் 29 அன்னிக்கு மழையில பீச் ரோட்ல மேரி கட்டடமே, நம்ம பழைய முனிசிபாலிட்டி, படார்னு சரிஞ்சி விழுந்துச்சு, நான் அன்னிக்கு சாயந்திரம் போயி பாத்தேன், செங்கல் மேடு. எத்தனை பேர் கல்யாணம் பதிவு பண்ண எடம். அப்புறம் அதே மாதிரி புதுசா கட்டினாங்கன்னு வையி, ஆனா அது அது இல்ல.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. வைசியாள் தெரு போய் பாருங்க, இப்ப கால்வே சுப்பராய செட்டி தெரு. 2000கள்ல ஐரோப்பிய யூனியன் ஆசியா அர்ப்ஸ் திட்டத்துல இன்டாக் (பழைய கட்டடங்களை பாதுகாக்கற அமைப்பு) ஆளுங்க வீட்டுக்காரங்களோட சேர்ந்து முகப்பை சரி பண்ணாங்க. தாழ்வாரம் பிரிச்சிட்டு கார் நிறுத்தின வீட்ல எல்லாம் திரும்ப மரக்கால் நட்டு ஓடு போட்டாங்க. 2008ல யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது வாங்குச்சு அந்த தெரு. வீட்டுக்காரங்க அங்கயேதான் குடியிருக்காங்க, அதுதான் எனக்கு புடிச்சது. வெள்ளைக்காரத் தெரு மாதிரி எல்லாம் ஓட்டலா ஆகல.

#10 முற்றத்துமழை

சனி ஞாயிறு போய் அளந்துட்டு வந்துட்டேன். சுண்ணாம்புக்கை அண்ணா சொன்ன மாதிரியே டேப், டார்ச், அம்மா கையில நோட்டு. பெரிய மாமா பின்னாடியே வந்து "என்ன தேடறீங்க, புதையலா"ன்னு கேட்டுட்டே இருந்தார்.

பின்கட்டு சுவர் ரெண்டு அடிக்கு மேல. முன்பக்கம் ஒன்றரை அடி. சமையல்கட்டு பின்னாடி பூச்சு உதிர்ந்த எடத்துல செங்கல் மெலிசு, ஸ்கேல் வெச்சு பாத்தேன், ஒன்றரை இஞ்ச் இருந்தா அதிகம். சாந்து வெள்ளை மாவு, உள்ள குட்டி குட்டியா கிளிஞ்சல் துண்டு தெரியுது! முன்பக்க சுவர்ல அடிப்பாகம் முழுக்க சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல உப்பு பூத்து பொரிஞ்சி கொட்டுது, கை வெச்சா உதிருது.

முற்றத்த சுத்தி சீமை ஓடு. அடியில ஒரு மூலையில மட்டும் நாட்டு ஓடு பழசு அப்படியே இருக்கு, பூனை குட்டி போடற எடம்.

மாடி தரைக்கு அடியில மர உத்தரம் இல்ல, இரும்பு கர்டர். எழுத்து இருக்கு ஆனா பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு படிக்க முடியல.

இப்போ நான் இத்தனை வருஷம் பாத்தும் பாக்காத ஒண்ணு. மாடிப்படி கூடத்துல இருந்து ஏறுது இல்லயா, அது ரெண்டாவது மரத்தூணை ஒட்டிப் போகுது. அந்த தூணு தலையில இருக்கற செதுக்கு வேலைய (பூ மொட்டு மாதிரி தொங்கும்) ஒரு பக்கம் மட்டும் ரம்பம் போட்டு அறுத்திருக்காங்க, படி கைப்பிடி இடிக்காம இருக்க. மத்த தூண் எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் மொட்டு இருக்கு, இதுல மட்டும் ஒண்ணுதான். சின்ன வயசுல அந்த வெட்டுல நாங்க பென்சில் சொருகி வெப்போம்.

#11 சுண்ணாம்புக்கை

அதுக்கு பேரு போதிகை மேடம். உங்க வீட்டு சர்டிபிகேட் அதுதான்.

யோசிச்சு பாருங்க, தூண் செதுக்கறப்பவே மாடி இருந்தா ஆசாரி மொட்டு செதுக்கிட்டு அப்புறம் அதை அறுப்பானா? படிக்கு எடம் விட்டுத்தான் தூண் நட்டிருப்பான். ஸோ முதல்ல தரைவீடு. பிற்பாடு யாரோ கையில காசு வந்து கர்டர் போட்டு மாடி ஏத்தி வெள்ளைக்காரன் மாதிரி ஜன்னல் வெச்சிருக்காங்க, அப்போ படி போக எடம் இல்லாம போதிகையை அறுத்தாங்க. முன் சுவரையும் அப்போதான் திரும்ப கட்டியிருப்பாங்கன்னு தோணுது, கனம் மாறுதில்ல.

அந்த சிமெண்ட் பூச்சை யாரு போட்டா? அதை முதல்ல கொத்தி எடுக்கணும். சுண்ணாம்பு சுவரு மூச்சு விடும், தரையில இருந்து ஏர்ற ஈரம் வெளிய போயிட்டே இருக்கும். மேல சிமெண்ட் பூசினா போக வழி இல்லாம சுவருக்குள்ளயே ஏறி ஏறி உப்பா பூக்கும். எல்லாரும் பூச்சு போச்சுன்னு மறுபடி சிமெண்டே பூசுவாங்க, ஈரம் இன்னும் ஒரு அடி மேல ஏறும். "வீடு பழசாச்சு, தாங்காது"ன்னு சொல்றதுல பாதிக்கு மேல இந்த பூச்சு செஞ்ச வேலைதான், வீடு செஞ்சது இல்ல.

#12 ஓசூர்_ஓரமா

எங்க வீட்லயும் இதேதான் பண்ணாங்க. மூணு தடவை. யாராவது அப்போ சொல்லியிருக்கலாம்.

#13 க்ரெத்தேய்_பாண்டி

ஃப்ரான்ஸ்ல இருந்து எழுதறேன், அப்பா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாய்), பாண்டில பொறந்து இங்க வளர்ந்தவன், என் தமிழ் தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. வீட்டுப் பத்திரம் இருக்கா? பிரெஞ்சு காலத்துல வீடு வாங்கினது வித்தது எல்லாம் நொத்தேர் (பத்திரம் பதியற அதிகாரி) முன்னாடி எழுதுவாங்க, பிரெஞ்சுல. நிறைய குடும்பத்துல டிரங்க் பொட்டில இருக்கும், யாருக்கும் படிக்க தெரியாம. இருந்தா ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க, பேரு எல்லாம் மறைச்சிடுங்க, படிச்சு சொல்றேன்.

#14 முற்றத்துமழை

இருக்கு!! பெரிய மாமா பீரோல, வேட்டிக்கு அடியில. ரெண்டு நாள் கெஞ்சினேன். மடிப்பு மடிப்பா கிழிஞ்சிருக்கு, முத்திரை இருக்கு, கையெழுத்து கொடி மாதிரி ஓடுது. வருஷம் மட்டும் எனக்கே புரிஞ்சுது, 1893. போட்டோ தனிச்செய்தில அனுப்பியிருக்கேன் அண்ணா.

#15 க்ரெத்தேய்_பாண்டி

படிச்சிட்டேன், லென்ஸ் வெச்சு. அருமையான பத்திரம். முக்கியமான வரி இது, அப்படியே உச்சரிப்புல எழுதறேன்: "உய்ன் மெசோன் ஆ ரே-த-ஷொசே, கூவேர்த் ஆன் த்யுயில்". அர்த்தம், தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு வீடு, ஓடு போட்டது. அதாவது 1893ல மாடி இல்ல. கொத்தனார் அண்ணன் தூணைப் பாத்து சொன்னதைத்தான் நொத்தேர் பேனாவுல எழுதியிருக்கார்.

அடுத்தது எல்லை. கிழக்க தெரு, மேற்க ஒரு கிணறும் பொதுச் சுவரும், வடக்க தெக்க ரெண்டு வீட்டுக்காரங்க பேரு. விக்கறவருக்கு பிரெஞ்சு குடும்பப் பேரு இருக்கு. 1881ல ஒரு சட்டம் வந்துச்சு, நம்ம ஆளுங்க ஊர் வழக்கத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிக்கலாம்னு. அப்படி மாறினவங்களை ரெனோன்சான்னு சொல்லுவாங்க, மாறும்போது ஒரு குடும்பப் பேரு வெச்சிக்குவாங்க. எங்க கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான், அதான் என் பேரை இங்க யாரும் தமிழ்னு நம்ப மாட்டாங்க. உங்க பக்கம் குடும்பப் பேரு இல்ல, "இன்னாருடைய மனைவி, விதவை"ன்னு இருக்கு. ஸோ உங்க குடும்பம் மாறல.

ஆமா, கவனிச்சீங்களா, வாங்கினது பொம்பளை. விதவை. தன் சொந்தப் பணத்துலன்னு தனியா ஒரு வரி இருக்கு.

#16 முற்றத்துமழை

இதை அம்மாகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. எங்க வீட்ல இத்தனை வருஷம் "கொள்ளுத்தாத்தா கட்டின வீடு"ன்னுதான் பேச்சு. அவங்க பேரு கூட அம்மாவுக்கு இன்னிக்குத்தான் தெரியும். நடுவீட்ல தாத்தா போட்டோ, அவங்க அப்பா போட்டோ எல்லாம் மாலையோட இருக்கு, இந்த அம்மாவுக்கு ஒரு போட்டோ கூட இல்ல. அந்தக் காலத்துல விதவையை யாரு போட்டோ எடுக்கப் போறாங்க.

பணம் எப்படின்னு கேட்டேன். அம்மாவோட பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க, 88 வயசு, அவங்க சொன்னது, அந்தம்மா நெசவுக்காரங்களுக்கு நூல் குடுத்து துணி வாங்கி வித்தவங்களாம். மார்க்கெட்ல இருந்து ஒரு கணக்குப்பிள்ளை தினம் சாயந்திரம் வந்து திண்ணையில உக்காந்து கணக்கு சொல்லுவாராம், அந்தம்மா கதவுக்கு உள்ள நின்னு கேப்பாங்களாம், வெளிய வரமாட்டாங்க.

#17 பெரியகடை_பெரியவர்

அம்மா! கிடைச்சாச்சு பாருங்க! திண்ணையில உக்காந்து தண்ணி குடிச்ச பிள்ளை!! கணக்குப்பிள்ளை!!! நாலு தலைமுறையில கணக்குப்பிள்ளை ரங்கப்பிள்ளையா ஆயிட்டாரு!

#18 கணக்குதப்பாது

நான் இதுக்கு சிரிச்ச சிரிப்புல ஆபீஸ்ல எல்லாரும் திரும்பி பாத்தாங்க. இருந்தாலும் ஒண்ணு சொல்லிடறேன், இதை நிரூபணம்னு எடுத்துக்காதீங்க, அழகான ஊகம், அவ்ளோதான்.

நமக்கு நிச்சயமா தெரிஞ்சது: 1893ல ஓட்டு வீடா நின்னுட்டு இருந்துச்சு, மாடி அதுக்கப்புறம். பின்கட்டு 1893க்கு எவ்ளோ முன்னாடின்னு இந்த பத்திரத்துல இல்ல. அந்த விக்கறவர் யார்கிட்ட வாங்கினார்னு பத்திரத்துலயே ஒரு வரி இருக்கணுமே?

#19 க்ரெத்தேய்_பாண்டி

இருக்கு. அவருக்கு அப்பா வழில வந்ததுன்னு இருக்கு, அப்பாவோட பத்திரத்துக்கு தேதி குடுத்திருக்காங்க ஆனா அந்த எடத்துல சரியா மடிப்பு, பேப்பர் கிழிஞ்சி ஓட்டை. 18ன்னு தெரியுது, மீதி ரெண்டு எண் பூச்சி தின்னுடுச்சு. லாஸ்பேட்டையில தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளை இருக்கு, பிரெஞ்சு காலத்து காகிதம் நிறைய அங்கதான். போய் கேளுங்க, கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்.

#20 முற்றத்துமழை

கேக்கறேன். அதுக்கு முன்னாடி வீட்ல நடந்தது சொல்லணும். நேத்து எல்லாரும் கூடத்துல உக்காந்தோம். இந்த இழை முழுக்க பிரிண்ட் எடுத்து குடுத்தேன். சின்ன மாமா முழுசா படிக்கல, பத்திரத்து வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சார், "பொம்பளை வாங்கின வீடா"ன்னு கேட்டார், அப்புறம் அந்த பில்டருக்கு போன் பண்ணி தீபாவளி கழிச்சு பேசலாம்னு சொன்னார். விக்க மாட்டேன்னு சொல்லல. தள்ளிதான் போட்டிருக்கார்.

பெரிய மாமாதான் சுத்தமா மாறல. "மாடி புதுசு, கீழ பழசு, அதானே சொல்றாங்க? அப்ப கீழ 300 வருஷம்தான்"னு சொல்லிட்டு காபி குடிக்க போயிட்டார்.

சுண்ணாம்புக்கை அண்ணா, முன் சுவர் சிமெண்ட் கொத்தி எடுக்க நீங்க வர முடியுமா? மழைக்கு முன்னாடி முடியுமா?

#21 சுண்ணாம்புக்கை

கொத்தி எடுக்கறது ஒரு வாரம், ஆனா உடனே பூசக்கூடாது மேடம், சுவரு காயணும். இப்ப ஐப்பசி நெருங்குது. மழை முடிஞ்சி தை மாசம் ஆரம்பிப்போம், இப்போதைக்கு மட்டப்பால தண்ணி போற குழாய் அடைச்சிருக்கான்னு மட்டும் பாத்து சுத்தம் பண்ணி வைங்க, கர்டர் துரு பிடிக்கறது அங்கதான். சுண்ணாம்பு நான் முன்னாடியே ஊறப்போட்டு வெக்கறேன், எவ்ளோ நாள் ஊறுதோ அவ்ளோ நல்லது.

ஆமா அந்த அறுத்த போதிகை போட்டோ கேட்டேனே, இன்னும் வரல?

#22 முற்றத்துமழை

அதுமேலதான் பெரிய மாமா நகைக்கடை காலண்டர் மாட்டி வெச்சிருக்கார் அண்ணா. தேதி கிழிக்க அவர் காலையில வருவார், அப்போ தூக்கி பிடிக்க சொல்லி எடுத்து அனுப்பறேன்.